விளக்கு என்ன நிறம்?

வணக்கம், ஜூலியன் பேசுகிறேன்.
ஜூலியன் என்பது வேலைக்குக் கொடுத்த பெயர்,
கழுத்தில் தொங்கும் அட்டையில் தயாலென்.
எபேன். ஐந்தாம் மாடி. மாலை ஆறரை.
மதியம் பெய்த மழையில் ரெதுயி சாலை
இன்னும் மினுங்கிக்கொண்டிருக்கிறது.

திரையில் வாடிக்கையாளர்: சினிமாலே, ரோஸ்லின்.
ஊர்: சேந்த்-அந்த்ரே, ரெயூனியன்.
சின்னமலையா, சீனிமலையா,
கப்பலில் வந்தவர்களை எழுதிய எந்தக் குமாஸ்தாவின் காதில்
பாதி விழுந்ததோ.
கேட்கக் கூடாது.
கேட்க வேண்டியதெல்லாம் திரையில் வரிசையாக இருக்கிறது.

"நெட் இல்லை, மூணு நாளா," என்கிறாள்.
"பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கணக்கை
இன்னைக்கு ராத்திரிக்குள்ள அனுப்பணும்.
இல்லேன்னா நூத்தி நாப்பது பிள்ளைங்களுக்கு
நாளைக்குக் கோழியா மீனான்னு
ஒருத்தருக்கும் தெரியாது."

அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா, மதாம்?
"அணைச்சேன். போட்டேன். திட்டினேன். திரும்ப அணைச்சேன்."
திட்டியதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

பெட்டியில் விளக்கு என்ன நிறம்?
"பச்சை."
கறுப்புச் சன்னலைத் திறந்து பிங் என்று அடியுங்கள்.
நூற்று இருபத்தேழு, புள்ளி, சுழி, புள்ளி, சுழி, புள்ளி, ஒன்று.
"பதில் வருது!"
அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்குத்தான் சம்பளம்.
அது உங்கள் கணினி, மதாம்,
தன்னையே கூப்பிட்டுத்
தானே இருக்கேன் என்கிறது.
"ராத்திரியில நானும் அப்படித்தான்."

சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
ஏழு நிமிடம் தாண்டிவிட்டது.
கண்ணாடிக்கு அப்பால் கிஸ்லேன்
மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறாள்.

அடுத்த எண். பதில் இல்லை. மறுபடி. இல்லை.
கூப்பிட்ட குரல் பக்கத்திலிருக்கும் பெட்டியைக்கூட எட்டவில்லை.
கணினியின் முதுகைப் பாருங்கள், மதாம்,
கேபிள் நுழையும் இடம்.
நாற்காலி உரசுகிறது. எதிலோ தலை இடிக்கிறது.
மேசைக்கடியிலிருந்து, கிணற்றுக் குரலாய்:
"இங்கே விளக்கே இல்லை."

அப்போதுதான் கேட்டது,
அவள் வீட்டுத் தகரத்தில் முதல் துளிகள்.
அந்த மழையை எனக்குத் தெரியும்,
சாப்பாட்டு வேளையில் என் ஸ்கூட்டர் சீட்டை நனைத்த மழை.

எங்களுக்கு நடுவே இருநூறு கிலோமீட்டர் கடல்.
அவள் சொல்வது பாரிஸ் போய்த்தான் என்னிடம் வருகிறது,
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கம்பி.
எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லக் கூடாது,
பயிற்சியில் முதல் நாள் முதல் விதி.

செருகியை உருவுங்கள்.
அதன்மேல் பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன நாக்கு இருக்கும்.
உள்ளே போனதும் டக்கென்று பிடித்துக்கொள்வது அதுதான்.
"நாக்கு இல்லை. உடைஞ்சிருக்கு."
எப்போதிலிருந்து?
"யாருக்குத் தெரியும்.
இத்தனை நாள் வேலை செஞ்சுதே."

புதுக் கேபிள், நான்கு வேலை நாள்.
திரையில் இருக்கும் விடை அது.
நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்:
வீட்டில் தீப்பெட்டி இருக்கிறதா?
ஒரு குச்சி. தலையைக் கிள்ளிவிடுங்கள்.
செருகியை அழுத்திப் பிடித்து
மேல் இடுக்கில் ஆப்பு மாதிரி, மெதுவாக,
கேபிளைத் தொங்கவிடாமல்.

மழை.
மழை.
"ஆரஞ்சு. சிமிட்டுது."
கிஸ்லேன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.
"பச்சை!"

கணக்கு போய்ச் சேரும்வரை
போனை வைக்க வேண்டாம் என்றாள். வைக்கவில்லை.
கோழியா மீனா? என்று கேட்டேன்,
எந்தத் திரையிலும் இல்லாத கேள்வி.
"மீன்தான். கோழி போன வாரம்."
பழுதின் காரணம் என்ற பட்டியலில்
நாக்கு இல்லை. மற்றவை என்று தொட்டேன்.

"மிஸ்யே ஜூலியன்," என்றாள், வைக்கப்போகும்போது,
சாதாரணமாக,
"உங்க பக்கம் விட்டாச்சா?"

ஒலிப்பதிவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருக்கிறது.

மத்தியானமே விட்டுடுச்சு, மதாம்.
கொடியில துணி கிடந்தா எடுத்து உள்ளே போடுங்க.
பெரிசாத்தான் வருது.